ஆவடி அலை, பூந்தமல்லி சாலை

ஒரு லாரிக்கு வேண்டிய சாமான்களில் பாதி, பாடிக்கும் ஆவடிக்கும் நடுவிலேயே கிடைத்துவிடும் என்ற காலம் ஒன்று இருந்தது. பாடியில் லூகாஸ் டி.வி.எஸ். ஸ்டார்ட்டர் மோட்டார் செய்தது. பக்கத்திலேயே வீல்ஸ் இந்தியா சக்கரமும் சுந்தரம் கிளேட்டன் ஏர் பிரேக்கும் செய்தன. அம்பத்தூரில் 1959இல் வந்த டன்லப் ஆலையிலிருந்து டயர். வடக்கே எண்ணூரில் அசோக் லேலண்ட். 1964இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை உருவானதும் போல்ட், நட், ஸ்பிரிங், கேஸ்கெட் என்று மிச்சமெல்லாம் தெருவுக்குத் தெரு வந்து சேர்ந்தன.

இந்தப் பட்டியலில் யாரும் சேர்க்காத ஒன்று உண்டு. அந்த லாரியை ஓட்டியவர் கேட்ட பாட்டு. அதுவும் இதே வட்டாரத்திலிருந்துதான் கிளம்பியது. சென்னை வானொலியின் உயர்திறன் ஒலிபரப்புக் கருவிகள் ஆவடியில் இருந்தன. கடற்கரைச் சாலை நிலையத்தில் ஒருவர் பேசினாலும் பாடினாலும், குரல் ஆவடிக் கம்பம் ஏறித்தான் ஊர் ஊராகப் போனது. சென்னை ‘ஏ’ அலைவரிசை 720 கிலோஹெர்ட்ஸில் 200 கிலோவாட் திறனோடு ஒலித்தது. பூந்தமல்லியைத் தாண்டி வாலாஜா, வேலூர் என்று போன வண்டிகளை அந்த அலை வெகுதூரம் துரத்திக்கொண்டு போயிற்று.

லாரிக்காரர்கள் என்ன கேட்டார்கள் என்று விசாரித்தால், இளையராஜா என்று ஒரே வார்த்தையில் பதில் வரும். பாதிதான் உண்மை. ரசனை பேசத் தொடங்குவதற்கு முன்பே வேறு மூன்று சங்கதிகள் முடிவு செய்துவிட்டன: அலை எதுவரை எட்டும், பேட்டரி எத்தனை வோல்ட், பெர்மிட் எந்த ஊர்வரை. இந்த மூன்றும் மாறியபோதெல்லாம் கேபினுக்குள் ஓடிய பாட்டும் மாறியது.

லாரிக்கு முன்னால் இந்தச் சாலைகளில் மாட்டுவண்டி ஓடியது. மேற்குப் பெருஞ்சாலை என்று வெள்ளைக்காரர் காலத்தில் பெயர் பெற்ற பூந்தமல்லி சாலையில் சரக்கு வண்டிகள் வெயிலுக்குப் பயந்து இரவில்தான் வரிசையாகப் போகும். வண்டிக்காரர் தூங்கினாலும் மாடு வழி தவறாது. விழித்திருந்தால் தெம்மாங்கு. கழுத்து மணியின் தாளம் ஓயாமல் கூடவே வந்ததால் பாட்டுக்கு வேறு பக்கவாத்தியம் தேவைப்படவில்லை. டீசல் எஞ்சின் வந்ததும் இந்தப் பாட்டு வாயடைத்துப் போனது. முன்மூக்கு இல்லாத வண்டிகளில் எஞ்சின் டிரைவரின் முட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும். கம்பெனி கொடுப்பது சேசிஸ் மட்டும். கேபினை மரச் சட்டமும் தகரமும் வைத்துப் பட்டறையில் கட்டுவார்கள். சூடும் சத்தமும் உள்ளேயே சுழலும். அதில் தொண்டை திறந்து பாடினால் கிளீனருக்கே கேட்காது.

அந்தச் சத்தத்தைத்தான் டிரைவர் முதலில் கேட்கப் பழகினார். எஞ்சின் இழுக்கிற விதம், கியர் விழுகிற விதம், இரட்டைச் சக்கரத்தில் ஒன்று காற்று இறங்கினால் பின்னால் எழும் தடதடப்பு, ஏர் பிரேக்கின் பெருமூச்சு. பின்பக்கம் கிளீனர் இறங்கி நின்று வண்டியின் பாடியைத் தட்டுவார். எத்தனை தட்டு, எவ்வளவு வேகத்தில் என்பதை வைத்து வரலாம், நிறுத்து என்று டிரைவர் புரிந்துகொள்வார். பாட்டு எவ்வளவு பிடித்திருந்தாலும் இந்த ஓசைகளை மூடுமளவுக்கு வைக்கக் கூடாது என்பது மூத்த டிரைவர்கள் கிளீனர்களுக்குச் சொல்லிக் கொடுத்த பாடங்களில் ஒன்று. பாட்டு எப்போதும் இரண்டாவது இடத்தில்தான் இருந்தது.

டிரான்சிஸ்டர் ரேடியோ மலிந்த பிறகுதான் கேபினுக்குள் வெளிக்குரல் நுழைந்தது. தோல் உறை போட்ட பெட்டியைக் கண்ணாடிப் பக்கத்துக் கொக்கியில் மாட்டிவிடுவார்கள். பெட்ரோல் வண்டியில் ஸ்பார்க் பிளக் உண்டு. அது பொறி விடும்போதெல்லாம் மத்திய அலை வானொலியில் கரகரப்பு விழும். டீசலில் பிளக் கிடையாது. அந்த ஒரு விஷயத்தில் லாரி காரைவிடக் கொடுத்து வைத்தது. ரேடியோவுக்கு அப்போது தபால் ஆபீசில் லைசென்ஸ் கட்ட வேண்டும். 1980களில்தான் அது ஒழிந்தது. டிரைவிங் லைசென்சுக்கே அல்லாடிய காலத்தில் கொக்கியில் தொங்கிய பெட்டிக்கு எத்தனை பேர் ஒழுங்காக லைசென்ஸ் எடுத்திருப்பார்கள் என்பது வாசகர் ஊகத்துக்கு.

ஆவடி அலை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் பலர் காதைக் கொடுத்தது இலங்கைக்கு. அதற்குக் காரணம் டெல்லி. 1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி.வி. கேஸ்கருக்கு சினிமாப் பாட்டு என்றாலே ஆகாது. அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு ஏறக்குறைய இல்லாமல் போனது. 1950இல் வர்த்தக ஒலிபரப்பைத் தொடங்கியிருந்த ரேடியோ சிலோன் அந்த இடத்தை நிரப்பியது. இந்திக்கு அமீன் சயானி கிடைத்தது போலத் தமிழுக்கு மயில்வாகனன் கிடைத்தார், பின்னாளில் கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது, ராஜேஸ்வரி சண்முகம். காலையில் ‘பொங்கும் பூம்புனல்’, பிறகு ‘பாட்டுக்குப் பாட்டு’, ராத்திரியில் ‘இரவின் மடியில்’. டெல்லி தன் தவறை உணர்ந்து 1957 அக்டோபர் 3ஆம் தேதி விவிதபாரதியைத் தொடங்கியது. அதற்குள் கொழும்பு தமிழ்நாட்டின் பாதிக் காதுகளைப் பிடித்துவிட்டது.

இதில் விஞ்ஞானமும் கொழும்பின் பக்கம். மத்திய அலை உப்புத் தண்ணீரின் மேல் அதிகம் தேயாமல் பயணம் செய்யும். இலங்கைக்கும் சோழமண்டலக் கரைக்கும் நடுவில் இருப்பது முழுக்கக் கடல். பொழுது சாய்ந்தால் இன்னொரு உதவி. பகலில் அலையை விழுங்கிவிடுகிற வானத்தின் கீழ் அடுக்கு இரவில் கலைந்துவிட, மேலடுக்கில் பட்டுத் திரும்பும் அலை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி விழும். லாரித் தொழிலோ இரவுத் தொழில். ஊர் உறங்கும் நேரத்தில்தான் லாரி ஓடியது. அதே நேரத்தில்தான் தூரத்து நிலையங்களும் தெளிவாகக் கேட்டன.

சென்னைக்குள் கனரக வண்டிகளுக்கு நேரக் கட்டுப்பாடு வந்த பிறகு காத்திருப்பும் தொழிலின் பாகமாயிற்று. பூந்தமல்லி, மதுரவாயல், செங்குன்றம் ஓரங்களில் வண்டியை ஒதுக்கிவிட்டு ராத்திரிக்காகக் கிடப்பார்கள். வண்டி ஓடும்போது காதில் விழுந்ததைவிட, நின்றபோது கேட்டதுதான் அதிகம் என்றுகூடச் சொல்லலாம். சமையல் நடக்கும்; வண்டியின் அடியில் கட்டிய தூளியிலோ சீட்டுக்குப் பின் பலகையிலோ ஒருவர் படுத்திருப்பார்; ரேடியோவில் மாநிலச் செய்தி, ‘தேன்கிண்ணம்’, ஞாயிறு என்றால் ஒலிச்சித்திரம். ஒரு முழுப் படத்தைச் சத்தமாகவே சுருக்கிக் கொடுத்த அந்த ஒலிச்சித்திரத்தை, தியேட்டருக்குப் போக நேரம் வாய்க்காத ஒரு தொழிலாளர் கூட்டத்துக்கென்றே செய்தார்களோ என்று இப்போது தோன்றுகிறது.

அமெரிக்காவில் உண்மையிலேயே அப்படிச் செய்தார்கள். 1969இல் டெக்சஸின் டபிள்யூ.பி.ஏ.பி. நிலையத்தில் பில் மேக்கும், 1971இல் நியூ ஆர்லியன்சின் டபிள்யூ.டபிள்யூ.எல். நிலையத்தில் சார்லி டக்லசும் டிரக் டிரைவர்களுக்காகவே இரவு முழுக்க நிகழ்ச்சி நடத்தினார்கள். சாலை நிலவரம், வானிலை, டிரைவர்களைப் பற்றிய பாட்டு, நடுநடுவே டயர், எண்ணெய் விளம்பரம். நம் வானொலி விவசாயிக்கு, படைவீரருக்கு, ஆலைத் தொழிலாளிக்கு, மாதருக்கு, சிறுவருக்கு என்று நேரம் ஒதுக்கியது. ராத்திரி இரண்டு மணிக்கு ஓச்சேரியில் விழித்திருப்பவரைத் தனி நேயராக அது எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. டயரும் பிரேக்கும் செய்த கம்பெனிகள் கூப்பிடு தூரத்தில் இருந்தும் அந்த யோசனை யாருக்கும் வராதது ஆச்சரியம்தான்.

1975இல் நேஷனல் பெர்மிட் வந்தது. அதுவரை மாநில எல்லைக்குள்ளும் பக்கத்து மாநிலங்களிலும் ஓடிக்கொண்டிருந்த வண்டிகளுக்கு பம்பாய், நாக்பூர், கல்கத்தா, டெல்லி என்று தேசம் திறந்தது. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோட்டு வண்டிகள் தொழிற்பேட்டைச் சரக்கை ஏற்றிக்கொண்டு வாரக்கணக்கில் வடக்கே போயின. தடா தாண்டினால் தெலுங்கு, ஓசூர் தாண்டினால் கன்னடம், அப்புறம் மராட்டி, இந்தி. பெர்மிட் தேசம் முழுக்கச் செல்லும்; தமிழ் அலை செல்லாது. கேசட் வந்து இறங்கியது சரியாக இந்த இடைவெளியில்தான்.

பிலிப்ஸ் கம்பெனி 1963இல் வெளியிட்ட கேசட், இந்திய லாரிக்குள் பரவலாக ஏறியது 1980களில். ஏறியதும் முதல் தகராறு பேட்டரியோடு. சந்தையில் கிடைத்த செட் எல்லாம் காருக்கானது, 12 வோல்ட். பெரும்பாலான கனரக லாரிகளில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராகக் கோத்து 24 வோல்ட். நேராகக் கொடுத்தால் செட் புகைந்துவிடும். எலெக்ட்ரீஷியன்கள் சுலப வழி ஒன்று கண்டுபிடித்தார்கள்: இரண்டில் ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் ஒயர் இழுப்பது. பாட்டு பாடியது. ஆனால் ஒரு பேட்டரி இறங்கும், மற்றது ஏறும். சில மாதத்தில் இரண்டுமே கெடும். முதலாளிக்கும் டிரைவருக்கும் நடந்த சண்டைகளில் பாட்டு செட் அடிபட்டதற்கு இது நியாயமான காரணம். பிறகு வோல்டேஜைக் குறைத்துத் தரும் சின்னப் பெட்டிகள் ரிச்சி தெருவில் கிடைத்தன. செட்டுக்கும் ஸ்பீக்கருக்கும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. வெளிநாட்டுச் சாமான்தான் வேண்டும் என்றால் பர்மா பஜார். புது வண்டி பாடி கட்டும்போதே ஸ்பீக்கருக்குப் பலகையில் வட்டம் வெட்டிவிடச் சொல்வது வழக்கமாயிற்று. சாமிப் படத்துக்கு மேல் ஒரு விளக்கு, பக்கத்தில் செட், அதைச் சுற்றி ரெக்சின் குஞ்சம்.

கடையில் விற்ற கேசட்டை விட, பதிந்து வாங்கிய கேசட்டுக்குத்தான் மதிப்பு. அம்பத்தூர் ஓ.டி., ஆவடி கடைவீதி, பூந்தமல்லி பஸ் நிலையம் மாதிரி இடங்களில் ‘ரெக்கார்டிங் சென்டர்’ போர்டு தொங்கும். வெள்ளைத் தாளில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்தால் 60 அல்லது 90 நிமிடக் கேசட்டில் பதிந்து, அட்டையின் உள்பக்கம் அழகான கையெழுத்தில் படப் பெயரோடு எழுதித் தருவார்கள். சட்டப்படி இது திருட்டுத்தான். 1984இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தித் தண்டனையைக் கூட்டினார்கள். கடைகள் போர்டைக்கூட மாற்றவில்லை. லோடு வண்டி மணிக்கு 40 கிலோமீட்டர் போகிறது என்று வைத்துக்கொண்டால் 90 நிமிடக் கேசட் இரண்டு பக்கமும் ஓடி முடிய 60 கிலோமீட்டர். பூந்தமல்லியிலிருந்து பெங்களூருக்கு ஐந்தாறு கேசட் போதும். கல்கத்தாவுக்கு எத்தனை கொண்டுபோனாலும் போதாது. போட்டதையே போட வேண்டும். ஒரு தலைமுறை டிரைவர்களுக்குப் பாட்டுகள் இடையிசை உட்பட மனப்பாடம் ஆனது இப்படித்தான்.

அந்தப் பட்டியல்களில் ஓர் ஒழுங்கு இருந்தது. வண்டி எடுத்ததும் சாமிப் பாட்டு. சீர்காழி கோவிந்தராஜனோ, சூலமங்கலம் சகோதரிகளின் கந்த சஷ்டி கவசமோ, எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டோ, கார்த்திகை பிறந்தால் கே. வீரமணியின் ஐயப்பன் பாட்டோ. நாகூர் ஹனிஃபாவின் குரல் மதம் பார்க்காமல் எல்லா வண்டியிலும் ஒலித்தது. டிரைவருக்குச் சாலையில் எல்லாச் சாமியும் வேண்டும். அது முடிந்து ஊர் தாண்டியதும் சினிமா. எம்.ஜி.ஆர். தத்துவப் பாடல்கள் தனிக் கேசட், சிவாஜி சோகப் பாடல்கள் தனிக் கேசட், டி.எம்.எஸ். இரண்டிலும் இருப்பார். 1976இல் ‘அன்னக்கிளி’யோடு வந்த இளையராஜாவின் வளர்ச்சியும் கேசட்டின் வளர்ச்சியும் ஒரே காலத்தில் நடந்தன, எக்கோ கம்பெனிக் கேசட்டுகள் அதற்குச் சாட்சி. இளையராஜாவை லாரிகள் தேர்ந்தெடுத்தன என்பதைவிட, லாரிக்குள் செட் ஏறிய பத்தாண்டில் தமிழில் ஓடிய பாட்டே பெரும்பாலும் அவருடையது என்பதுதான் சரி.

தூக்கம் தட்டும் நேரத்துக்குப் பாட்டு உதவாது என்பதை அனுபவசாலிகள் கண்டுகொண்டார்கள். அதிகாலை இரண்டிலிருந்து ஐந்து மணி. மெல்லிசை அந்த நேரத்தில் தாலாட்டாகிவிடும். பேச்சுதான் விழிக்க வைக்கும். அடுத்து என்ன சொல்லப் போகிறார் என்று காது காத்திருப்பதால். ‘திருவிளையாடல்’ கதை வசனம், கிருபானந்த வாரியார் கதாகாலட்சேபம், புலவர் கீரன் சொற்பொழிவு, சாலமன் பாப்பையா, திண்டுக்கல் லியோனி பட்டிமன்றம் எல்லாம் ஓடின. கம்பராமாயணத்தைப் புத்தகமாகத் தொட்டறியாத பலர் அதன் கட்டங்களை விவரமாகச் சொல்லக்கூடியவர்களாக இருந்தது இந்தக் கேசட்டுகளின் புண்ணியம். தமிழ்ச் சொற்பொழிவின் வரலாற்றை எழுதுகிறவர்கள் மேடையையும் சபாவையும் பற்றி எழுதுகிறார்கள். லாரி கேபினுக்கு அதில் ஓர் அத்தியாயம் சேர வேண்டும்.

வடக்கே இருந்து வந்த வண்டிகளுக்கு வேறு உலகம். 1990இல் வந்த ‘ஆஷிகி’ படப் பாட்டும், அதன் பிறகு அல்தாஃப் ராஜாவின் ஏமாந்த காதல் பாட்டும் அவற்றில் ஓயாமல் ஓடின. எல்லையின் இரு பக்கத்துப் பஞ்சாபிலும் அத்தாவுல்லா கான் ஈசாகேல்வி லாரிக்காரர்களின் பாடகர் என்றே பேர் வாங்கினார். மொழி தெரியாத டிரைவர்கள் தாபாவில் கேசட் மாற்றிக்கொள்வதும் உண்டு. சோகப் பாட்டுக்கு மொழி தெரிய வேண்டியதில்லை.

எஃப்.எம். ஒலிபரப்பை இந்தியாவில் முதலில் கேட்டது சென்னைதான்: 1977 ஜூலை 23. லாரிக்கு அதனால் லாபம் எதுவுமில்லை. அந்த அலையைப் பிடிக்கும் செட் கேபினில் இல்லை. 2000களின் தொடக்கத்தில் சூரியன், மிர்ச்சி என்று தனியார் நிலையங்கள் வந்தபோது செட்டும் இருந்தது, பாட்டும் தெளிவாக இருந்தது. ஆனால் எஃப்.எம். அலை நேர்கோட்டில் போவது. பூமியின் வளைவோடு வளையாது. அறுபது கிலோமீட்டரைத் தாண்டினால் தேய்ந்துவிடும். அம்பத்தூருக்குள் சுற்றும் வேனுக்கும் கோயம்பேடு காய்கறி வண்டிக்கும் அது போதும். நெடுந்தூர லாரிக்கு ஸ்ரீபெரும்புதூர் தாண்டியதும் நிலையம் நழுவத் தொடங்கும். செய்தியும் கிடையாது, தனியார் எஃப்.எம். தன் சொந்தச் செய்தி வாசிக்க அரசு அனுமதித்ததில்லை. பழைய மத்திய அலை கரகரத்தாலும் வேலூர் வரை கூட வந்தது. புதிய அலை தெளிவாக வந்து வழியிலேயே இறங்கிக்கொண்டது. நெடுஞ்சாலைக்கு இது முன்னேற்றமா என்றால், இல்லை.

அந்தக் குறையைச் செல்போன் கடைகள் தீர்த்தன. மெமரி கார்டிலும் பென் டிரைவிலும் ஆயிரக்கணக்கில் ‘பாட்டு ஏற்றி’த் தருவது ரீசார்ஜ் கடைகளின் பக்கத் தொழிலாயிற்று. பழைய ரெக்கார்டிங் சென்டரின் வாரிசுகள் இவர்கள். பட்டியல் எழுதும் வேலை மட்டும் போய்விட்டது. மொத்தமாக ஏற்றிக்கொண்டு வேண்டாததைத் தள்ளிவிடலாம். 2016இல் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்த பிறகு ஏற்றவும் வேண்டாம். யூடியூபில் பட்டிமன்றம், பழைய ஒலிச்சித்திரம், கிரைம் கதை, அரசியல் விவாதம். கைகாட்டியும் சுங்கச்சாவடியும் தாண்டி அலை அவ்வளவாக அறுவதில்லை.

ஆனால் கேபினில் இன்னொரு மாற்றம் நடந்திருக்கிறது. நேஷனல் பெர்மிட் வண்டிக்கு இரண்டு டிரைவர் வேண்டும் என்ற விதி 2018இல் நீக்கப்பட்டது. கிளீனர் வேலைக்கும் ஆள் வருவதில்லை. 1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்றது. சாலையில் அந்தக் கணக்கு நின்றதில்லை. தனியாளாக ஓட்டுகிறவர் கேட்பது இப்போது பாதி பாட்டு, பாதி போன். வீட்டோடு, இன்னொரு வண்டி டிரைவரோடு, புக்கிங் ஆபீசோடு மணிக்கணக்கில் பேச்சு. கையில் போனைப் பிடித்தபடி ஓட்டுவதை 2019ஆம் ஆண்டுத் திருத்தம் அபாயகரமான ஓட்டுதலில் சேர்த்துவிட்டது. அது சரியான சட்டம். பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுக்க ஓர் ஆள் இருந்த இடத்தில் யாருமில்லை என்பதையும் சட்டம் கவனித்திருக்கலாம்.

2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளுக்கு ஏ.சி. கேபின் கட்டாயம். கண்ணாடியை ஏற்றிவிட்டு ஓட்டும் டிரைவர், லாரித் தொழிலில் முதல்முறையாக, பாட்டை எஞ்சின் சத்தத்தோடு போட்டி போடாமல் கேட்கப் போகிறார். டயர் தடதடப்பும் பின்னால் தட்டும் ஓசையும் அவருக்கு அவ்வளவாகக் கேட்காது.

இந்த வரலாற்றுக்கு ஆவணம் மிகக் குறைவு. வானொலி ஒலிபரப்பியது எது என்பதற்குப் பதிவேடு உண்டு. கேபினில் ஒலித்தது எது என்பதற்கு மிஞ்சியிருப்பவை கேசட் அட்டையின் உள்பக்கத்துக் கையெழுத்துப் பட்டியல்கள்தான். சினிமாப் பாட்டுப் புத்தகங்களும் ஒரு காலத்தில் குப்பை என்றே கருதப்பட்டன. இன்று தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் அவற்றைப் பாதுகாத்து ஆய்வாளர்களுக்குக் கொடுக்கிறது. வீட்டில் லாரி ஓட்டிய அப்பாவோ மாமாவோ இருந்திருந்தால், பரண் மேல் அந்தக் கேசட் பெட்டியும் இருக்கலாம். நாடா பூஞ்சை பிடித்திருந்தாலும் அட்டையை எடைக்குப் போடாதீர்கள். ஒரு படம் எடுத்து, எந்த வருஷம், எந்த ரூட் வண்டி என்று அவரைக் கேட்டுப் பக்கத்தில் எழுதி வையுங்கள்.